ஒரு சோறு, இருபது பதம்

மார்ச் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை, ஆய்வுக்கூடத்தின் மூன்றாவது மாடியில், இருபது வெவ்வேறு எஃகுத் துண்டுகளின் மேல் ஓடவிடப்பட்ட இருபது அலைகள் ஒரே மாதிரியாக மெலிந்தன.

இதைக் கண்டுபிடித்தவளுக்குக் கூடத்தில் ‘மேல்மாடி’ என்று பெயர். அவள் உட்காரும் இடத்தை வைத்து வந்த பெயர்தான். ஆனால் யாராவது அதைச் சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தால், காலியா இல்லையா என்று அவர்கள் மனசுக்குள் கேட்டுக்கொள்வது அவளுக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்கு முதல்முறையாக அவளே அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டாள்.

எஃகு வெளியே பார்க்க வழவழவென்று ஒரே உடம்பாகத்தான் தெரியும். வெட்டி, தேய்த்து, அமிலம் பூசி மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்தால் குட்டு வெளிப்படும். உள்ளே எண்ணி முடியாத குட்டிப் படிகங்கள், பாகம் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பிகள் போல, சுவரோடு சுவர் ஒட்டிக்கொண்டு ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையைப் பார்த்திருக்கும். காதுக்கு எட்டாத ஒலியை இந்த எஃகின் தோலோடு ஓடவிட்டால், அது ஒவ்வொரு எல்லையிலும் முட்டிக் கொஞ்சம் சிதறும். போகப் போக மெலியும். எவ்வளவு மெலிகிறது என்பதை வைத்து, உள்ளே படிகங்கள் எத்தனை பெரியவை என்று எஃகை வெட்டாமலே சொல்லிவிடலாம். தோலில் விரிசல் இருந்தால் அதன் எதிரொலியை இந்தச் சலசலப்பிலிருந்து பிரித்தும் பார்க்கலாம். கொதிகலன் செய்யும் தொழிற்சாலை ஒன்று இதற்காகத்தான் கூடத்துக்குப் படியளந்துகொண்டிருந்தது.

மேல்மாடி எஃகைத் தொட்டவள் அல்ல. கம்ப்யூட்டருக்குள் எஃகு செய்பவள். படிகம் எது எங்கே, எந்தத் திசையில் என்பதைக் கம்ப்யூட்டரே சீட்டுக் குலுக்கிப் போட்டுக்கொள்ளும். ஒரு குலுக்கலுக்கு ஒரு எஃகு. இருபது குலுக்கலுக்கு இருபது. எல்லாவற்றிலும் அலையை ஓடவிட்டுச் சராசரி எடுத்தால்தான் வாயைத் திறக்கலாம். ஒரே துண்டைப் பார்த்துவிட்டுப் பேசுவது, பேருந்து நிலையத்தில் ஒரு குடிகாரனைப் பார்த்துவிட்டு ஊரே குடிகார ஊர் என்பதுபோல.

இதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் கூடத்தின் தலைவர். அவர் பெயர் ‘சராசரி’. தேநீர் நன்றாக இருக்கிறதா என்று கேட்டால்கூட, இன்னும் இரண்டு கோப்பை குடித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்பார். அவருடைய அறையில் மூன்று சுவர்க் கடிகாரங்கள் உண்டு. மூன்றும் மூன்று மணி காட்டும். அவர் மூன்றையும் பார்த்து, கூட்டி, வகுத்து, எல்லாக் கூட்டத்துக்கும் தாமதமாக வருவார்.

நிஜ எஃகைத் தொடுகிறவன் நிலவறையில் இருந்தான். அங்கே ஒரு மேஜை மேல் ஒரு பாளம். அதன் தோலில் ஜெல்லைத் தடவி, ஒலியை அனுப்பும் புரோப் ஒன்றையும் வாங்கும் புரோப் ஒன்றையும் வைத்து, திரையில் துடிக்கும் கோட்டைப் பதிவு செய்வது அவன் வேலை. கையில் எப்போதும் ஜெல் பிசுபிசுக்கும். அவன் அவளுடைய கணவன்.

இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவள் அவனை மாமியார் முன்னால் ‘நீங்க’ என்பாள், மற்ற இடங்களில் ‘நீ’ என்பாள், கோபம் வந்தால் ‘சார்’ என்பாள். கல்யாணத்துக்குப் பிறகு ‘சார்’ கொஞ்சம் அதிகமாகியிருந்தது. காரணம், அவளுடைய எஃகும் அவனுடைய எஃகும் ஒத்துப்போகவில்லை. அலை இவ்வளவு மெலியும் என்று மூன்றாம் மாடி சொன்னால், நிலவறை வேறொன்று சொல்லும். அதுவும் ஒரு நாள் போல மறுநாள் சொல்லாது.

“உன் எஃகு நாளுக்கு ஒண்ணு பேசுது,” என்று அவள் சாப்பாட்டு மேஜையில் சிரிப்பாள்.

“உன் எஃகு பேசவே இல்லையே. நீ சொல்றதைத் திருப்பிச் சொல்லுது, அவ்வளவுதான்,” என்பான் அவன்.

இப்படி ஒரு வருஷம். பிறகு டிசம்பரில் ஒரு நாள் அவனுடைய எஃகுக்குப் புத்தி வந்தது. எத்தனை முறை அளந்தாலும் ஒரே மெலிவு. அவளும் தன் எஃகில் படிகத்தின் பருமனைக் கொஞ்சம் குறைத்துப் பார்த்தாள். மைக்ரோஸ்கோப் சொன்ன பருமனைவிட அது சிறியதுதான். ஆனால் மைக்ரோஸ்கோப் பார்த்தது ஒரு மூலையை மட்டும்தானே என்று சராசரி சமாதானம் சொன்னார். இரண்டு கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்று படிந்துகொண்டன. சராசரி அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்து, கழிப்பறைக்குப் போகும் வழியில், எல்லோரும் எப்படியும் கடந்துபோக வேண்டிய இடத்தில் மாட்டினார். மூவர் பெயரிலும் ஒரு கட்டுரை ஆய்விதழுக்குப் போனது. தொழிற்சாலை மகிழ்ந்தது. மகிழ்ந்ததில் ஒரு நிரந்தரப் பணியிடம் உண்டானது.

அந்தப் பணியிடத்துக்கான நேர்காணல் வருகிற வெள்ளிக்கிழமை. மேல்மாடி ஆறு வருஷமாக ஒப்பந்தத்தில் இருந்தாள். நிரந்தரம் கேட்டு வழக்குப் போட்டுவிடக் கூடாது என்பதற்காக அந்த ஒப்பந்தம் பதினோரு மாதத்தில் செத்துவிடும். ஒரு வாரம் கழித்து உயிர்த்தெழும். அந்த ஒரு வாரம் அவளுடைய அடையாள அட்டையை வாசலில் இருக்கும் இயந்திரம் ஏற்காது. காவலாளி அவளைத் தினமும் பார்க்கிறவர், இருந்தாலும் யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்வார். ‘என்னையே’ என்று ஒரு தடவை எழுதச் சொன்னாள். எழுதிக்கொண்டார்.

எனவே வெள்ளிக்கிழமை அழகான ஒரு படம் வேண்டும் என்று நினைத்தாள். பின்னணியில் மங்கலாக இருபது கோடுகள், முன்னால் தடிப்பாக அவற்றின் சராசரி. ‘பார், எவ்வளவு உழைப்பு’ என்று அது தானாகப் பேசும். செவ்வாய்க்கிழமை காலை அதை வரையச் சொன்னாள். ஒரே ஒரு கோடு வந்தது.

வரையும் மென்பொருளைத் திட்டினாள். இருபது கோட்டுக்கும் இருபது நிறம் கொடுத்தாள். பழுப்பு மட்டும் தெரிந்தது. அது கடைசி நிறம். கடைசியை இளஞ்சிவப்பாக்கினாள். இளஞ்சிவப்பு மட்டும் தெரிந்தது. முதல் எஃகிலிருந்து இரண்டாவது எஃகைக் கழித்தாள். பூஜ்யம். மூன்றாவதைக் கழித்தாள். பூஜ்யம். கடைசித் தசமம் வரை சலவை செய்தது போன்ற பூஜ்யம்.

பத்து நிமிஷத்தில் காரணம் கிடைத்தது. கம்ப்யூட்டர் போடும் குலுக்கல் நிஜக் குலுக்கல் அல்ல. ஒரு தொடக்க எண்ணைக் கொடுத்தால் அதிலிருந்து கணக்குப் போட்டுக் குலுக்குவதுபோல் நடிக்கும். அதே எண்ணைக் கொடுத்தால் அதே நடிப்பு. டிசம்பரில் கணவனின் கோட்டோடு ஒப்பிடும்போது, தன் எஃகு நாளுக்கு ஒரு மாதிரி ஆடக்கூடாது என்பதற்காக அவள் ஓர் எண்ணை நிலையாக வைத்திருந்தாள். வீட்டுக் கதவு எண், நாற்பத்தெட்டு. பக்கத்திலேயே குறிப்பும் எழுதியிருந்தாள்: ‘தற்காலிகம். நாளைக்கு எடுக்கணும்.’

அந்தக் கூடத்தில் தற்காலிகமாக வந்த எல்லாமே நிரந்தரமாகிவிட்டிருந்தது, அவளைத் தவிர.

ஆக, ஊருக்கே மின்சாரம் போதாதபோது, கட்டடத்தின் பெரிய கம்ப்யூட்டர் ஒரே எஃகை இருபது முறை செய்து, இருபது முறை அலை விட்டு, இருபதையும் கூட்டி இருபதால் வகுத்திருந்தது. விடை, முதலில் இருந்த அதே எஃகு.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். அவளுடைய துறையில் முடியும். ஒவ்வொரு கோட்டையும் மயிரிழை மேலும் கீழும் அசைத்து வரையும்படி ஒரு வரி எழுதினால் போதும். எழுதினாள். இருபது கோடுகள் வந்தன. மென்மையாக, அடக்கமாக, நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் போல. பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது. அவளுக்குப் பயம் வந்தது அப்போதுதான். அழித்துவிட்டு, கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

இருபது வெவ்வேறு எண்களைக் கொடுத்து எல்லாவற்றையும் மறுபடி ஓடவிட்டாள். நனைந்தாயிற்று, இனி முக்காடு எதற்கு என்று படிகத்தின் பருமனையும் மைக்ரோஸ்கோப் சொன்ன இடத்துக்கே திருப்பி வைத்தாள். காலையில்தான் விடை வரும்.

வீட்டில் மாமியார் நடந்துகொண்டிருந்தார். முப்பது வருஷம் பள்ளித் தேர்வுகளில் கண்காணிப்பாளராக நின்றவர். ஓய்வு பெற்ற பிறகும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வீட்டுக் கூடத்தைச் சுற்றுவார், சோபாவுக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவில் யாராவது துண்டுச்சீட்டு மாற்றுகிறார்களா என்று பார்ப்பதுபோல. மேல்மாடி விஷயத்தைச் சொன்னாள். அலை, படிகம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, இருபது பேரும் ஒரே விடை எழுதிவிட்டார்கள் என்று மட்டும் சொன்னாள்.

“காப்பி,” என்றார் மாமியார், நடையை நிறுத்தாமல். “ரெண்டு பேர் ஒண்ணா எழுதினா சந்தேகம். இருபது பேர் ஒண்ணா எழுதினா சந்தேகமே இல்லை.”

கணவன் வந்ததும் அவனுக்கு விவரமாகச் சொன்னாள். அவன் இதை வைத்து ஆயுசுக்கும் ஓட்டுவான் என்று எதிர்பார்த்தாள். மேல்மாடி காலி என்று நிலவறை முழுக்கச் சொல்லிச் சிரிப்பான், பாளத்தின் மேலேயே எழுதி வைப்பான் என்றெல்லாம் வழி நெடுக நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். அவன் கேட்டான். தலையாட்டினான். சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தான்.

அவள் பின்னாலேயே போனாள்.

“சிரிக்கலையே நீ?”

“இதுல சிரிக்க என்ன இருக்கு? யாருக்கும் நடக்கறதுதான்.”

இந்தப் பெருந்தன்மை அவளைக் கலவரப்படுத்தியது. அவன் கழுவிக்கொண்டிருந்த பாத்திரங்களை மத்தியானமே மாமியார் கழுவி வைத்துவிட்டிருந்தார் என்பது அப்புறம்தான் கண்ணில் பட்டது.

கூடத்திலிருந்து மாமியாரின் குரல் வந்தது. “கழுவுறானா?”

“ஆமா அத்தை.”

“எட்டாவதுல கணக்குல பெயிலானப்ப வீட்டுப் பாத்திரம் மொத்தத்தையும் கழுவினான். காரைக் கொண்டுபோய் மரத்துல மோதினப்ப குக்கரைத் தேச்சுக் கண்ணாடி ஆக்கிட்டான். என்ன பண்ணினான்னு கேளும்மா.”

அவள் கேட்கவில்லை. குழாயை மூடினாள். அது போதுமானதாக இருந்தது.

“பாளத்துல ஒரு இடம் இருக்கு,” என்றான் அவன், கையிலிருந்த தட்டைப் பார்த்து. “நல்ல இடம். அங்க வெச்சா எப்பவும் ஒரே மாதிரி வரும்.”

“சரி.”

“மார்க்கர்ல வட்டம் போட்டு வெச்சிருக்கேன்.”

“இருபது இடத்துல அளந்ததா கட்டுரையில எழுதியிருக்கியே. மிச்ச பத்தொம்பது இடம் எங்க?”

அவன் தட்டைத் துடைத்தான். முன்பக்கம் துடைத்துவிட்டுப் பின்பக்கம் துடைத்தான்.

“வட்டத்துக்குள்ளதான்.”

அவள் அடுப்பு மேடையில் சாய்ந்துகொண்டாள்.

“நீதானே நாளுக்கு ஒண்ணு பேசுதுன்னு சிரிச்ச,” என்றான் அவன். “சரி, ஒண்ணே பேசற இடமா பாப்போம்னு தேடினேன். ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்றதில்லையா?”

“ஒரு சோறு பதம்தான் சார். அதே சோத்தை இருபது தடவை நசுக்கிட்டு, இருபது சோறு பாத்தேன்னு யாரும் எழுதறதில்லை.”

“நீ மட்டும் என்ன பண்ணின?”

அவன் ஆடாத இடத்தைத் தேடிய அதே வாரத்தில்தான் அவளும் ஆடாத எஃகைத் தேடியிருந்தாள். இரண்டு பேருக்கும் காரணம் ஒன்றே: எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறவரின் சிரிப்பு. பிறகு அவனுடைய ஒற்றைச் சோற்றுக்குத் தன் ஒற்றைச் சோறு பொருந்த வேண்டும் என்று படிகத்தின் பருமனையும் அவள் குறைத்திருந்தாள். அது பொருந்தாமல் போயிருந்தால்தான் ஆச்சரியம்.

மாமியார் சமையலறை வாசலுக்கு வந்து நின்று இருவரையும் பார்த்தார். இப்படிப் பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து ஆளுக்கொரு தப்பான விடையை எழுதிவிட்டு, அப்புறம் ஒருவரைப் பார்த்து ஒருவர் திருத்திக்கொண்ட கேஸை முப்பது வருஷத்தில் ஒரே ஒருமுறைதான் பிடித்திருப்பதாகச் சொன்னார். இரண்டு பேரையும் வெளியே அனுப்பியதாகவும் சொன்னார்.

புதன்கிழமை காலை விடை வந்திருந்தது. இந்தத் தடவை இருபது கோடுகளும் அவிழ்த்துவிட்ட மாடுகள் போலத் திசைக்கொன்றாகப் போயின. நடுவில் சராசரிக் கோடு, பழைய கோட்டைவிட வெகு உயரத்தில். அதாவது அலை அவர்கள் ஊரெல்லாம் சொல்லி வைத்ததைவிட அதிகமாக மெலிந்தது. அவள் படத்தை எடுத்துக்கொண்டு தலைவரின் அறைக்குப் போனாள்.

சராசரி பொறுமையாகக் கேட்டார். “இருபதும் ஒண்ணா?”

“ஆமா சார்.”

“அப்ப சராசரி தப்பில்லையே.”

“தப்பில்லை சார். சராசரியே இல்லை.”

அவர் மூன்று கடிகாரங்களையும் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. இந்தப் பணியிடத்துக்காக எத்தனையோ குழுக்களில் போய் உட்கார்ந்து, புரியாதவர்களுக்குப் புரியாததைச் சொல்லி வாங்கியிருந்தார். வெள்ளிக்கிழமை வரை பழைய படமே இருக்கட்டும் என்றார். வேலை கைக்கு வரட்டும், ஆய்விதழ் எப்படியும் கட்டுரையைத் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பும், அப்போது புதுப் படத்தை வைத்துவிடலாம். இடையில் யார் செத்துப்போகிறார்கள் என்று கேட்டார். கொதிகலன் என்று அவள் சொன்னாள். அவர் அதைக் கேட்காததுபோல் இருந்துவிட்டு, நிலவறை என்ன சொல்கிறது என்று விசாரித்தார்.

அவள் வட்டத்தைப் பற்றிச் சொன்னாள்.

“வீட்டுல பேசி வெச்சுக்கிட்டா செஞ்சீங்க?”

“பேசியிருந்தா இது நடந்திருக்காது சார்.”

கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்று அவள் கேட்டாள். மூவர் பெயரில் போனதை ஒருவர் திரும்பப் பெற முடியாது என்றார் அவர். மூன்றில் இரண்டு பேர் சம்மதம், சராசரி பார்த்தால் சம்மதம்தான் வருகிறது என்றாள் அவள். இருபத்தைந்து வருஷமாக அந்த ஆயுதத்தை அவர்தான் மற்றவர்கள் மேல் வீசியிருந்தார். தன் மேல் விழுந்து பார்த்ததில்லை. யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். பிறகு, அவள் எழுந்து கதவருகே போனதும், நிதானமாகச் சொன்னார்: “உங்க நல்லதுக்குத்தாம்மா சொல்றேன். அந்த மேஜையில அழகா இருக்கற கோட்டுக்குத்தான் வேலை கொடுப்பாங்க. அலைஞ்சுக்கிட்டு இருக்கற கோட்டுக்கு இல்லை.”

அவர் சொன்னது பொய் இல்லை என்று அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது. படியிறங்கும்போது கழிப்பறை வழியில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை நிலவறைக்குப் போனாள். ஆறு வருஷத்தில் அவள் அங்கே வேலை பார்க்கப் போனது அதுவே முதல்முறை. பாளத்தை இருபது இடத்தில் அளக்க வேண்டுமானால் அதை அடிக்கடி நகர்த்த வேண்டும், சில இடத்துக்குப் புரட்டவும் வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். எஃகுக்கு அடர்த்தி எவ்வளவு என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் அவள்தான். அது முதுகைப் பிடிக்கும் என்பதை எந்த நிரலிலும் எழுதியிருக்கவில்லை.

அவன் துணியை ஸ்பிரிட்டில் நனைத்து, மார்க்கர் வட்டத்தின் மேல் வைத்து, ஒரு கணம் நின்றான்.

“அழி,” என்றாள்.

“நல்ல இடம்டி அது.”

“அதான் பிரச்சினை.”

அழித்தான். ஒரு முனையிலிருந்து தொடங்கினார்கள். எந்த இடம் என்று அவன் முடிவு செய்யக்கூடாது, தானும் முடிவு செய்யக்கூடாது என்று அவள் கம்ப்யூட்டரையே குலுக்கிச் சொல்லச் சொன்னாள். தொடக்க எண் கதவு எண்தானா என்று அவன் கேட்டான். அவள் ஜெல் குப்பியை அவன் பக்கம் பிதுக்கினாள். ஓரிடத்தில் அலை சொகுசாகப் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பக்கத்திலேயே ஓரிடத்தில் போன அலை கால்வாசிகூடத் தேறவில்லை. அந்த இடத்தில் படிகங்கள் பெரியவை போலிருக்கிறது. இதைத்தான் அவன் டிசம்பருக்கு முன்னால் தினமும் பார்த்து, தன் கை நடுங்குகிறது என்று நினைத்திருந்தான். அவன் கை நன்றாகத்தான் இருந்தது.

மத்தியானம் இருபதும் முடிந்து சராசரி போட்டார்கள். அவன் கோடும் உயர்ந்திருந்தது. அவளுடைய புதுக் கோட்டைக் கொண்டுவந்து மேலே வைத்தபோது இரண்டும் பாதி தூரம் பக்கத்துப் பக்கத்தில் நடந்தன. ஒட்டிக்கொண்டு அல்ல, பேசிக்கொண்டு போகிற தூரத்தில். படிகத்தின் பருமனை யாரும் திருகவில்லை, அது மைக்ரோஸ்கோப் சொன்னதேதான். உயர்ந்த அதிர்வெண் பக்கம் போனதும் அவளுடையது பிய்த்துக்கொண்டு மேலே போனது.

“அங்க ஏன் அப்படிப் போகுது?” என்றான்.

“உன் புரோப் அங்க செவிடு.”

“உன் கம்ப்யூட்டர் அங்க குருடு. படிகத்தைச் சின்னச் சின்னதா வெட்டாம பெரிசு பெரிசா வெட்டி வெச்சிருப்ப.”

“வெட்டினா எவ்வளவு நேரமாகும்னு தெரியுமா சார்?”

டிசம்பருக்குப் பிறகு முதல்முறையாக இருவரும் நிம்மதியாகச் சண்டை போட்டார்கள். அன்று வீட்டில் பாத்திரம் கழுவ யாரும் முன்வரவில்லை. மாமியார் அதைக் கவனித்துத் திருப்தியடைந்தார்.

வெள்ளிக்கிழமை நேர்காணல் மேஜைக்குப் பின்னால் மூன்று பேர்: சராசரி, தொழிற்சாலையிலிருந்து வந்த பொறியாளர், வெளியிலிருந்து அழைக்கப்பட்ட பேராசிரியை. பொறியாளர் போனை மேஜைக்கு அடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பேராசிரியைக்கு ஜலதோஷம். பிளாஸ்க்கிலிருந்து வெந்நீரை மூடியில் ஊற்றி ஊதிக்கொண்டிருந்தார்.

மேல்மாடி பழைய படத்தைப் போட்டாள். சராசரியின் தோள்கள் இறங்கின. இது தப்பு என்று அவள் சொன்னாள். தோள்கள் ஏறின. இருபது எஃகு என்று சொன்னது ஒரே எஃகு என்றும், இருபது இடம் என்று சொன்னது ஒரே இடம் என்றும், அதைச் செய்தவர்கள் தானும் தன் கணவரும் என்றும் சொல்லிவிட்டுப் புதுப் படத்தைப் போட்டாள். இருபது மங்கிய கோடுகள் சுவர் முழுக்க அலைந்தன.

பொறியாளர் போனை விட்டார். “அப்ப போன மாசம் எங்களுக்குச் சொன்ன அளவு?”

“அதுவும் தப்புங்க. சின்னதா சொல்லிட்டோம்.”

“அந்த அளவைத்தான் சோதனைக் கருவியில ஏத்தலாம்னு இருக்கோம்.”

“ஏத்திடாதீங்க.”

அவர் மேஜைக்கு அடியிலிருந்த போனை மேலே எடுத்து, அங்கேயே ஒருவரைக் கூப்பிட்டு, ஏற்ற வேண்டாம் என்றார். அதுவரை அந்த அறையில் நடந்தவற்றில் உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

பேராசிரியை மூடியைக் கீழே வைத்தார். கட்டுரை எங்கே இருக்கிறது என்று கேட்டார். மேல்மாடி வாயைத் திறப்பதற்குள் சராசரி முந்திக்கொண்டார்.

“திரும்ப வாங்கியாச்சு மேடம். நான்தான் சொன்னேன், சராசரியை மட்டும் பாக்காதீங்க, ஒவ்வொண்ணா தனித்தனியா எடுத்துப் பாருங்கன்னு. எப்பவும் சொல்றதுதான்.”

மேல்மாடி அவரைப் பார்த்தாள். அவர் அறையின் மூலையைப் பார்த்தார். அங்கே கடிகாரம் இல்லை. நேர்காணல் முடிந்து, தேநீர் இடைவேளையில்தான் அவர் அவசரமாக அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஆய்விதழுக்கு எழுதினார். கணவனின் சம்மதத்தைப் போனில் கேட்டுக்கொண்டார். அதை அவன் சாயங்காலம் சிரித்துக்கொண்டே சொன்னான்.

அவளை அனுப்புவதற்கு முன் பேராசிரியை கடைசியாக ஒன்று கேட்டார். “யாரும் கேக்கலை. பழைய படத்தைக் காட்டியிருந்தா நாங்க கண்டுபிடிச்சிருக்கவும் மாட்டோம். எதுக்கு இதெல்லாம் சொல்றீங்க?”

நல்ல பதில் ஒன்று இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. அது வரவில்லை.

“பின்னணியில இருபது கோடு போடலாம்னு பாத்தேன் மேடம்,” என்றாள். “ஒண்ணுதான் வந்துது.”

பேராசிரியை எதையோ எழுதிக்கொண்டு மூக்கைச் சிந்தினார்.

பணியிடம் வேறொரு கூடத்திலிருந்து விண்ணப்பித்திருந்த ஒருவருக்குப் போனது. மேல்மாடியின் ஒப்பந்தம் ஏப்ரலில் முடிந்து, ஒரு வாரம் கழித்துப் பதினோரு மாதத்துக்கு நீட்டிக்கப்பட்டது. தொழிற்சாலை இன்னும் இரண்டு பாளங்களை அனுப்பியது. கழிப்பறை வழியில் பழைய படம் இருந்த இடத்தில் இப்போது தீயணைப்புக் கருவி மாட்டப்பட்டிருக்கிறது. கட்டுரை ஆகஸ்டில் புதுப் படத்துடன் வெளிவந்தது. உயர்ந்த அதிர்வெண்களில் இரண்டு கோடுகளும் பொருந்தவில்லை.